அடுத்தவங்க பேருல ஆடின பாஸ்கெட்பால்

பாஸ்கெட்பால் ஆடுறவனுக்கு உசரம் வேணும், மூச்சு வேணும், கைவாகு வேணும். கெஸ்ட் பிளேயருக்கு இதெல்லாம் போக, எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற சாமர்த்தியமும் வேணும்.

எழுபதுகளோட கடைசியில இருந்து ஏழெட்டு வருசம் எனக்கு அதுதான் பொழப்பு. சேலம் அம்மாபேட்டையில தறிக்காரக் குடும்பம். ஆறடி மூணங்குலம் வளர்ந்துட்டேன், தறிக்குழிக்குள்ள என் கால் அடங்கல. "இவன் கால் தறியில ஓடுற பாவு நூலையே அறுத்துரும், வெளிய எங்கயாவது பொழைக்கட்டும்"னு எங்கப்பா என்னை விட்டுட்டாரு. சொந்த டீமுன்னு எனக்கு ஒண்ணும் கிடையாது. ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடுன்னு எங்க டோர்னமென்ட் வந்தாலும் ஏதாவது ஒரு டீம் கூட்டிட்டுப் போகும். பஸ் சார்ஜும் சாப்பாடும் கிடைக்கும். நான் போனது அதுக்கில்ல. ஒவ்வொரு மேனேஜரும், "ரெண்டு டோர்னமென்ட் ஆடுங்க சண்முகம், மில்லுல பர்மனென்ட் பண்ணிரலாம்"னு சொல்லுவாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓடினேன். டெம்பரரி போஸ்டுல உக்காந்துகிட்டு, ஆர்டர் வருமா வருமான்னு தினம் போஸ்ட்மேன் மூஞ்சியையே பாத்த அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்ல.

பழனியப்பன் எங்கேப்பா?

மில் டீமுங்களுக்கு மட்டும்னு நடக்குற போட்டியில, அந்த மில்லு ரெஜிஸ்டர்ல பேரு இருக்கிறவங்கதான் ஆடலாம். என் பேரு எந்த மில்லு ரெஜிஸ்டர்லயும் இல்ல. அதனால அங்க வேலை பாக்குற யாராவது ஒருத்தர் பேரை எனக்குக் குடுத்துருவாங்க. எல்லா மில்லும் செஞ்சதுதான், யாரும் யாரையும் காட்டிக் குடுக்க மாட்டாங்க. ராசிபுரத்துல முதல் தடவையா அப்படி ஆடினப்ப என் பேரு பழனியப்பன், ரீலிங் பிரிவு.

ஃபைனல்ல ஜெயிச்சோம். மைக்குல, "சிறந்த ஆட்டக்காரர் பழனியப்பன்"னு கூப்பிட்டாங்க. கூட்டம் கைதட்டுச்சு, நானும் தட்டினேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க. யாருடா இவன், பரிசு வாங்கக்கூட எந்திரிக்காத திமிரு புடிச்சவன்னு எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்து, இன்னும் பலமாத் தட்டினேன். மேனேஜர் என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினப்பறம்தான் உறைச்சது. மேடையேறிப் போனா, ஸ்கோர் எழுதினவரு கப்பை என் கையில குடுத்துட்டு மெதுவாச் சொன்னாரு: "ஏனுங்க பழனியப்பன், கைதட்டறதையும் நீங்களே பாத்துக்கிட்டா அப்பறம் நாங்க எதுக்குங்க?"

களத்து மேட்டு ரிங்

சேந்தமங்கலத்துப் பக்கம் முத்துசாமின்னு ஒரு பெரிய விவசாயி. ஆட்டத்து மேல உசிரு. கடலை காயப்போடுற களத்துலயே கோர்ட் போட்டு, ஊருப் பசங்களை வெச்சு ஒரு டீம் நடத்தினாரு. மில் போட்டியில்லைங்கிறதால அங்க நான் சொந்தப் பேருலயே ஆடினேன். கெஸ்ட் பிளேயர்னா அவருக்கு வீட்டுக்கு வந்த ஒரம்பரை, சொந்தக்காரன் மாதிரி. என் கால் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கறதைப் பாத்துட்டு, கால்மாட்டுல ஒரு பெஞ்சைப் போட்டு மெத்தை விரிச்சுக் குடுத்தாரு.

அந்த டீமுக்கு ஒரு சாபம். சொந்த ஊர்ல யாரு வந்தாலும் அடிச்சு அனுப்பிருவாங்க, வெளியூர் போனா ஒரு பந்தும் உள்ள போகாது. நான் போன அன்னைக்கே கையைத் தூக்கிப் பாத்துட்டேன். பத்தடியில இருக்க வேண்டிய ரிங்கு ஒம்போது அடியிலதான் இருக்கு. கம்பத்தை மூணடி பொதைக்கிறதுக்குப் பதிலா நாலடி பொதைச்சு, சிமென்ட்டும் போட்டுட்டாங்க. கம்பத்தைப் புடுங்கி நடணும்னு சொன்னேன். மனுசன் களத்தை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. மறுநாள் விடியறதுக்குள்ள ரெண்டு சோடி மாட்டைப் பூட்டிட்டாரு. நாலு நாள்ல களம் முழுக்க ஒரு அடி மண்ணை வழிச்சு எடுத்துட்டாங்க. மழை வந்தா குட்டையாயிருமேன்னு நான் தலையில கைய வெச்சேன். அவரு வேர்வையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாரு: "கம்பத்தை ஆட்டுனா பலம் போயிருமுங்க. மண்ணு நம்முளுதுதானுங்களே, எவ்வளவு வேணும்னாலும் நோண்டிக்கலாம்."

முட்டி

இருபத்தொம்போது வயசுல வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. வெளிய சொன்னா அடுத்த டோர்னமென்டுக்கு எவனும் கூப்பிட மாட்டான், பர்மனென்ட் ஆசையும் அதோட சரி. அதனால பேன்டுக்குள்ள துணியைச் சுத்திக்கிட்டு, நொண்டாம நடந்து பழகினேன்.

தம்மம்பட்டி மேட்சுல என்னைத் தடுக்க நின்னவரு ஒரு லாரி மெக்கானிக். கட்டை குட்டையான ஆளு, கை ரெண்டும் இரும்பு. பத்து நிமிசத்துல என் முட்டியைக் கண்டுபுடிச்சுட்டாரு, அவரு கண்ணுலயே தெரிஞ்சுது. இனி வலது பக்கமே புகுந்து என்னை முடிச்சுருவாருன்னு பயந்தேன். அவரு கடைசி வரைக்கும் இடது பக்கமாத்தான் வந்தாரு. நாங்க ரெண்டே பாயின்ட்ல ஜெயிச்சோம். எனக்கு வெக்கமாப் போச்சு. ஏங்க அப்படிப் பண்ணீங்கன்னு டீக்கடையில கேட்டேன். அவரு கிளாஸை வெச்சுட்டுச் சொன்னாரு: "மனுசனை ஜெயிக்கலாங்க. முட்டியை ஜெயிச்சுட்டு நான் ஊருக்குள்ள என்னன்னு சொல்லிக்கறது?"

பதினொரு சர்டிபிகேட்

அந்த வருசமே ஒரு பெரிய கம்பெனியோட சேலம் ஆபீசுல விளையாட்டு ஒதுக்கீட்டுல ஒரே ஒரு வேலை. நிரந்தர வேலை. வயசு வரம்பு முப்பது. இதை விட்டா எனக்கு வேற கதியில்ல.

ஆள் எடுக்குற அதிகாரி பழைய ஆட்டக்காரரு. அவரு முன்னாடி பதினொரு சர்டிபிகேட்டைப் பரப்பி வெச்சேன். ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சாரு. பழனியப்பன், செல்வராசு, குப்புசாமி, குப்புசாமி, குப்புசாமி. என் பேருல இருந்தது சேந்தமங்கலத்துது ரெண்டே ரெண்டு, அதுவும் கிராமப் போட்டி. ஏழு வருசம் ஓடின ஓட்டமெல்லாம் யார் யாரு பேருலயோ கிடக்குதுன்னு அப்பத்தான் முழுசா உறைச்சது. அழுகை வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன். அவரு எல்லாத்தையும் அடுக்கி என் பக்கம் தள்ளினாரு. இதுல ஒண்ணாவது நீங்க ஆடினதுதான்னு சம்பந்தப்பட்டவங்க எழுதிக் குடுத்தா போதும், சனிக்கிழமை வரைக்கும் டயம்னாரு. அப்பறம் எந்திரிச்சு, "உங்க ஆட்டத்தை நான் கண்ணால பாத்திருக்கேன் சண்முகம். ஆனா என் ஃபைலு பாக்கலையே"ன்னாரு.

அசல் குப்புசாமி

மேனேஜருங்க எல்லாரையும் போய்ப் பாத்தேன். ஒருத்தரும் எழுதிக் குடுக்கல. குடுத்தா அவங்க திருட்டு வெளிய வந்துரும், அவங்க மேல குத்தம் சொல்ல முடியாது. கடைசியா குமாரபாளையத்துக்குப் போனேன். அங்க ஒரு மில்லுக்கு மூணு வருசம் குப்புசாமிங்கிற பேருலதான் ஆடியிருந்தேன். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஸ்பின்னிங்ல வேலை பாக்குறவரு. நாங்க அதுவரைக்கும் பாத்துக்கிட்டதே இல்ல. வீட்டு வாசல்ல நின்னு விசயத்தைச் சொன்னேன். எழுதிக் குடுத்தா மில்லுல உங்களுக்கும் வம்பு வரும்ங்கிறதையும் மறைக்காமச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, "ஊட்டுக்குள்ள வாங்க, சாப்புடுங்க"ன்னாரு. அவ்வளவுதான். நான் நம்பிக்கையை விட்டுட்டு வந்துட்டேன்.

சனிக்கிழமை காலையில அந்த ஆபீசு வாசல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறாரு. லீவு போட்டுட்டு முதல் பஸ்சுக்கே வந்துட்டாராம். உள்ள போயி அதிகாரி முன்னாடி நின்னு, "கப்பு வாங்குன குப்புசாமி அவருங்க. சம்பளம் வாங்குற குப்புசாமி நானுங்க"ன்னாரு. எழுதியும் குடுத்தாரு. அதிகாரிக்கு ஒரு சந்தேகம். இவரு ஆடினதை நீங்க பாத்திருக்கீங்களான்னு கேட்டாரு. குப்புசாமி தலையை ஆட்டினாரு: "ஒருக்காக்கூட இல்லீங்க. அவரு ஆடுறப்பெல்லாம் நான் வெளிய தலை காட்டிரக் கூடாதுன்னு என்னைத்தானுங்களே மில்லுக்குள்ள டூட்டி போட்டு வெச்சிருப்பாங்க."

பதினஞ்சு நாள்

ஆர்டர் வந்துருச்சு. என் பேரு போட்டு, நிரந்தரம்னு போட்டு. வீட்டுல எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. பத்து நாள் கழிச்சு இன்னொரு சேதி வந்துச்சு. குப்புசாமி எழுதிக் குடுத்த கடுதாசியைச் சரிபாக்க ஆபீசுல இருந்து மில்லுக்கு அனுப்பியிருக்காங்க. பேரைக் கடன் குடுத்ததுக்காகக் குப்புசாமியைப் பதினஞ்சு நாள் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. பேரை எடுத்துக் குடுத்த மேனேஜரை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

குமாரபாளையத்துக்கு ஓடினேன். மனுசன் வாசல்ல உக்காந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தாரு. என்னாலதானே இப்படி ஆச்சுன்னு சொன்னேன். அவரு எண்ணெய்க் கையைத் துணியில துடைச்சுட்டு, பக்கத்துல உக்காரச் சொன்னாரு. அப்பறம் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "மூணு வருசம் எம்பேரைக் கெடாம காப்பாத்திக் குடுத்தீங்க. பதினஞ்சு நாளு உங்க பேரை நாங் காப்பாத்தக் கூடாதுங்களா?"

பாஸ்கெட்பால் ஆடுறதுக்காகவே என்னை எடுத்த அந்த ஆபீசுல இருபத்தெட்டு வருசம் சொந்தப் பேருல கையெழுத்துப் போட்டேன், முட்டி புண்ணியத்துல அவங்களுக்காக ஆடினது என்னவோ மொத்தமே நாலு மேட்சுதான்.