லேஅவுட்டில் ஒரே வீடு

நல்லம்பள்ளி தாண்டி, ஹைவேயிலிருந்து உள்ளே திரும்பினால் அந்த லேஅவுட். தார் ரோடு, தெருவிளக்கு, பார்க் என்று ஒரு பலகை, எல்லாம் உண்டு. மனுசர்தான் கிடையாது. வெள்ளைக் கல் நட்ட மனைகளுக்கு நடுவே ஒரே ஒரு வீடு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிடையரான அருள்ராணி அதில் தன்னந்தனியாக இருக்கிறாள்.

தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே அவளுக்குக் கல்யாண வயசு போய்விட்டது. அவர்களும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். போகட்டும், நமக்கென்று ஒரு வீடு, பக்கத்தில் நாலு சனம் இருந்தால் போதும் என்றுதான் வேலையில் இருந்தபோதே மனை பார்க்கக் கிளம்பினாள். கம்பெனிக்காரன் ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து, பிரியாணி போட்டு அழைத்துப் போனான். வேன் முழுக்கச் சிரிப்புதான். "சிஸ்டர், இனிமே நாமெல்லாம் ஒரே தெருங்க. உங்க வூட்டுக் குழம்பு எங்க வூட்டுக்கு வந்துரணும்" என்றாள் பக்கத்து சீட்டு சுகுணா. அந்த ஒரு பேச்சில் அருள்ராணி விழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் என்ன விலை போகிறது என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வேனில் வந்த சனத்தைப் பார்த்து எவளாவது மனை வாங்குவாளா? இவள் வாங்கினாள்.

மற்றவர்கள் கைக்காசில் வாங்கிப் போட்டார்கள். இவளுக்கு பேங்க் கடன். வெறும் மனைக்கென்றால் வட்டி ஜாஸ்தி, வீட்டோடு சேர்த்து வாங்கினால் கம்மி, ஆனால் சொன்ன கெடுவுக்குள் கட்டியே ஆகவேண்டும் என்றார் மேனேஜர். கட்டினாள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். வேன் சனமெல்லாம் வந்து சாப்பிட்டு, அவரவர் கல்லை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. "நீங்க எப்ப கட்டறீங்க?" என்று போனில் கேட்டால், "இப்பவா? இன்னும் விலை ஏறட்டும் சிஸ்டர்" என்பாள் சுகுணா. அப்புறம் அவள் போனையே எடுப்பதில்லை.

சாயங்காலமானால் அருள்ராணி டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஒரு மனுசி எப்படித்தான் இருப்பாள்!

போன மாசம் பக்கத்து மனைக்காரர் குப்புராஜ் ஒரு இளம் தம்பதியைக் கூட்டிவந்தார். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வாங்கினால் உடனே கட்டுவார்களாம். அந்தப் பெண் கோகிலவாணி வாசலுக்கே வந்து, "தண்ணியெல்லாம் எப்படிங்க்கா?" என்று கேட்டாள். அருள்ராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"போர்த்தண்ணி குடிக்க ஆவாதும்மா. ஆனா குழாய்ல நல்ல தண்ணி வருது. வூடு கட்டற வரைக்கும் தண்ணி, கரண்டு எல்லாம் எங்கிட்டயே எடுத்துக்க. இரு, டீ போடறேன்" என்று உள்ளே ஓடினாள்.

டீயோடு வெளியே வந்தபோது குப்புராஜ் விலை சொல்லிக்கொண்டிருந்தார். புருசன்காரன் முகம் செத்துப்போயிருந்தது.

"அந்தப் பக்கம் இதுல பாதிதானுங்களே?"

"அது வெறுங்காடுங்க. இங்க பாருங்க, வூடு வந்துருச்சு, கரண்டு வந்துருச்சு, குடித்தனம் நடக்குது. அதுக்குண்டான விலைதாங்க" என்று அருள்ராணியின் வீட்டைக் கைநீட்டிக் காட்டினார்.

"வர்றோங்க்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வண்டியில் ஏறிக்கொண்டாள். டீயைத் தொடவேயில்லை.

அருள்ராணி மானத்தை விட்டுக் கேட்டாள்: "அண்ணா, கொஞ்சம் கொறச்சுக் குடுங்களேன். மீதிய வேணும்னா நான் தர்றேன்."

குப்புராஜ் சிரித்துவிட்டார். "விக்கறதுக்கா கூட்டியாந்தேன் சிஸ்டர்? என்ன ரேட்டுக்குக் கேக்கறாங்கன்னு நாடி பாத்தேன், அவ்வளவுதான். நீங்க குடியிருக்கறதாலதான் எங்க எல்லார் மனைக்கும் மதிப்பு. நீங்க எங்கயும் போயிராதீங்க."

அவளைப் பார்த்துப் போகாதே என்று சொன்ன முதல் மனுசன் அவர்தான்.

"போட்ட டீ இருக்குதுங்கண்ணா. உக்காந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

"அவசரமுங்க" என்று அவர் காரை எடுத்துவிட்டார்.