மைக் இல்லாத காதுகுத்து

என் சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். உசிலம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் மொய் வாசித்துக்கொண்டிருந்தவர், நடுவில் என் தம்பியைக் கூப்பிட்டு, "மாப்ளைய வாழ்த்தி ரெண்டு வார்த்த பேசுடா" என்று மைக்கை அவன் வாயருகே நீட்டினார். தம்பிக்கு மனச்சிதைவு நோய். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"மாப்ள நல்லவரு, நல்லெண்ணெ வெல ஏறிப்போச்சு, ரேடியோவுல என்னயப் பத்தித்தான் சொல்றாக…" அவன் பேசப் பேச மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தவர் சித்தப்பா. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவன் பேச்சு ஏன் இப்படிச் சிதறுகிறது என்று மதுரையில் அவனைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டேன்.

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எல்லா கண்டக்டரும் ஒரே நேரத்துல கூவுறாங்க. உங்க ஊர்ப் பேரு மட்டும் காதுல விழுதுல்ல? எது வேணும், எது வேணாம்னு மூளை பிரிச்சுக் குடுக்குது. அதுக்கு டோபமின்னு ஒரு ரசாயனம் உதவுது. தம்பிக்கு அது தாறுமாறாச் சுரக்குது. அதனால எல்லாமே முக்கியமாத் தெரியும், தன்னைப் பத்தினதாத் தெரியும். சொல்ல வந்ததக் கடைசி வரைக்கும் பிடிச்சு வைக்கிற முன்மூளையும் தளர்ந்திருக்கு" என்றார். மாத்திரையை விடாமல் கொடுக்கவும், இரைச்சலைக் குறைக்கவும் சொன்னார்.

பிறகு என் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "அவன் மடியிலயா? பிள்ளையக் கீழ போட்டுருவான். எம் மகன் உக்காரட்டும், அவனும் மாமன்தான" என்றார் சித்தப்பா.

விசேஷத்தன்று தொண்டையைச் செருமிக்கொண்டே கோயிலுக்கு வந்தார். மேளம் இல்லை.

"மைக்செட்டு எங்கத்தா?"

"இல்ல சித்தப்பா. தம்பிக்கு ஆகாது."

"அப்ப மொய்ய எப்படி வாசிக்க?"

"வாசிக்க வேணாம். எல்லாரையும் மாதிரி கவர்ல வச்சுக் குடுத்துட்டுப் போங்க."

தம்பி மடியில்தான் மகள் உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை இறக்கியதும் வீரிட்டாள். அவன் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அழுகாத தாயி, முடிஞ்சிருச்சு. மாமன் இருக்கேன்ல" என்றான். எங்கும் சிதறாத பேச்சு. மைக் இல்லாமலே கடைசி ஆள்வரை கேட்டது.

பெற்றவள் நான், அந்த நேரம் பிள்ளையைப் பார்க்கவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் நின்ற சித்தப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். கறிச்சோற்றைத் தொடாமல் போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.