புன்னைக்குக் கீழே ஒரு சத்தம்

பஞ்சாயத்துப் பூங்காவில் ஒரே ஒரு இடத்தை மட்டும் என் வீட்டுக்காரி என்னைத் தோண்ட விடவில்லை. குளத்தங்கரைப் பக்கம், புன்னை மரத்துக்குக் கீழே, சிமெண்ட் பெஞ்சுக்கு முன்னால் நாலடி மண். அதை அவள் ஏன் காத்தாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் இறங்காததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பூதப்பாண்டிக்காரன். இந்த ஊர், தக்கலைக்குக் கொஞ்சம் வெளியே, அவள் பிறந்த ஊர். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக அரை ஆயுசைத் தொலைத்துவிட்டு வந்து, அவள் பங்குக்குக் கிடைத்த மனையில் வீடு கட்டினேன். சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். வெள்ளைக்காரர்கள் பார்க்கிலும் கடற்கரையிலும் மோதிரம் தேடி எடுக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கிறுக்குப் பிடித்து, கூட வேலை பார்த்த ஒருவன் ஊருக்கு வரும்போது மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி வரச் சொன்னேன்.

முதலில் வட்டக்கோட்டைக்குக் கொண்டுபோவதாகத்தான் திட்டம். "கோட்டைக்குள்ள இதத் தூக்கிட்டுப் போனா, உங்களத் தூக்கிட்டுப் போயிருவானுவ" என்றாள். அதுவும் நியாயம்தான். பூங்காவில் தேடலாமா என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் போய்க் கேட்டேன். குப்பையைப் பொறுக்கிப் போட்டால் எங்களுக்கு என்ன கஷ்டம் என்று சிரித்தார்கள். நான் பூங்காவுக்குத்தான் போகப் போகிறேன் என்றதும் இவள் சட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கருவியில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரு கம்பு, பிடிப் பக்கம் சின்னத் திரை, நுனியில் வட்டமாக ஒரு தட்டு. அந்தத் தட்டைத்தான் காயில் என்பார்கள். தரையை ஒட்டி வீசிக்கொண்டே நடந்தால், கீழே உலோகம் இருக்கிற இடத்தில் கத்தும், திரையில் ஒரு எண் வரும். இரும்புக்குச் சின்ன எண். அலுமினியத் தாளுக்கு நடு எண். வெள்ளிக்கு உச்சம். எனக்கு வந்த காயில் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. பெரிசு வாங்கினால் பெரிசாகக் கிடைக்கும் என்று நினைக்கிற ஆள் நான்.

காலை ஆறு மணிக்கு உள்ளே கால் வைத்ததும் கத்த ஆரம்பித்தது, வாயை மூடவே இல்லை. குவார்ட்டர் பாட்டில் மூடி, சோடா மூடி, மாத்திரை அட்டை, பிரியாணி கட்டி வந்த தாள், துருப்பிடித்த பிளேடு. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் பிளேடு. மனுஷன் இப்படியா இருப்பான் என்று திகைத்து நின்றேன். அன்றைக்கு ஒரு வாளி குப்பையைத் தவிர ஒரு மண்ணாங்கட்டியும் கிடைக்கவில்லை.

சரி, குப்பையெல்லாம் வேண்டாம் என்று, அந்த எண்களுக்குக் கத்தாதபடி கருவியில் மாற்றி வைத்தேன். அதற்கு வசதி உண்டு. உடனே அமைதியாகிவிட்டது. இரண்டு நாள் அந்த அமைதியில் ஜம்மென்று நடந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. நம்முடைய ரூபாய்க் காசு எஃகு, அது இரும்போடு போய்விட்டது. சின்னக் கம்மல், மெல்லிய தங்க மோதிரம் எல்லாம் அலுமினியத் தாள் காட்டுகிற எண்ணிலேயே வரும், அதுவும் போய்விட்டது. குப்பையை வேண்டாம் என்றவன் தங்கத்தையும் வேண்டாம் என்றிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

கருவி கொண்டு வந்தவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அண்ணே, குப்பை கெடக்க எடத்துக்கு அந்தப் பெரிய காயில் ஆகாது" என்றான் அவன். "ஒரே நேரத்துல ஆறு மூடியக் கண்டா அது மொத்தமாக் கத்தும். பக்கத்துல வெள்ளி கெடந்தாலும் அந்தக் கூச்சல்ல அமுங்கிப் போவும். ஆறு இஞ்சு காயில் போடுங்க. ஒண்ணொண்ணாப் பிரிச்சுச் சொல்லும். ஆனா ஒரு சாணுக்குக் கீழ போவாது, பாத்துக்கிடுங்க."

இதை முதலிலேயே சொன்னால் என்ன கேடு. திட்டிக்கொண்டே சின்னக் காயிலை வரவழைத்தேன். சாஸர் அளவுதான். ஆனால் அவன் சொன்னது அப்படியே உண்மை. மூடிக்கு ஒரு கரகரப்பு, அதற்கு இரண்டு விரல் தள்ளி சுத்தமாக ஒரு மணிச் சத்தம். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சத்தத்தை நம்பிக் கிண்டினேன். வெள்ளித் தண்டை ஒன்று வந்தது, கறுத்துப்போய். என் இரண்டு விரலை விட்டால் சரியாக இருந்தது. சறுக்க வந்த பிள்ளை தொலைத்திருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு சின்னக் காலுள்ள பிள்ளை சறுக்குமரம் ஏறுமா என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் நாலு தண்டையும் ஒரு தாயத்துக் குப்பியும் சேர்ந்துவிட்டன. பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவளிடம் காட்டவில்லை, கேலி செய்வாள் என்று.

அவளுக்கு வேறொரு வழக்கம் வந்திருந்தது. வழக்கமாகச் சாயங்காலம் சுகருக்காக நடக்கப் போகிறவள், நான் கருவியை எடுத்த நாளிலிருந்து காலையிலும் என் பின்னாலேயே வர ஆரம்பித்தாள். நேராகப் புன்னையடிப் பெஞ்சுக்குப் போவாள், செருப்பைத் தள்ளிக் கழற்றி வைப்பாள், மண்ணில் காலை ஊன்றி உட்காருவாள். நான் எங்கே குனிகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். இந்த வயதில் புருஷன் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குள்ளே ஒரு பெருமை. எவ்வளவு பெரிய முட்டாள்.

ஒருநாள் அவள் காலுக்குப் பக்கத்தில் காயிலைக் கொண்டுபோனேன். அந்த இடத்தில் குப்பையே இல்லை. யாரோ தினமும் பொறுக்கி எடுத்ததுபோல் மண் சுத்தமாக இருந்தது. சத்தம் வந்தது. அதுவரை கேட்ட எதையும்விடத் தெளிவாக, வீசும்போதெல்லாம் மாறாமல். எண் உச்சத்தில் நின்றது.

"ஏட்டி, காலத் தூக்கு. வெள்ளி கெடக்கு."

"இங்க ஒண்ணும் கெடக்கல்ல. போங்க."

"மிஷின் இருக்குன்னு சொல்லுது, நீ இல்லேங்கியே. தூக்குட்டி."

அவள் தூக்கவில்லை. முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பிடிவாதம் எனக்குப் புதிதா என்ன, முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் டப்பாவை அவள் முன்னால் கவிழ்த்தேன். வெள்ளிக்குத் திருநீறு போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும், தேய்த்துத் தா என்றேன். அவள் ஒரு தண்டையைக் கையில் எடுத்தாள். எடுத்த வேகத்தில் மேசையில் வைத்தாள்.

"எங்க எடுத்தியள்?"

"சறுக்குமரத்துப் பக்கம். ரெண்டெண்ணம் ஊஞ்சலடியில."

"புன்னைக்குக் கீழ தோண்டினியளா?"

"நீதான் விடல்லியே."

"நான் இல்லாதப்போ தோண்டினியளான்னு கேக்கேன்."

இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது பார்க்கு இல்ல. சின்னப் பிள்ளையளப் பொதைக்க எடம். குளத்தங்கரை மேடா இருந்துது. பார்க்கு கெட்டணும்னு ஜேசிபி வந்து ரெண்டு முழம் செதுக்கித் தள்ளிட்டுப் போச்சு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டாவ."

மேசையில் நாலு தண்டை. மூன்று வாரமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று புரிந்தது. வாசலுக்குப் போய் நின்றேன். அப்போதுதான் மற்றதும் உறைத்தது. எங்கள் முதல் பிள்ளை, ஆண் பிள்ளை, இந்த ஊரில்தான் பிறந்தது. தலைப்பிரசவம் அம்மை வீட்டில் என்பதால். நான் வளைகுடாவில். இருபத்தெட்டாம் நாள் பிள்ளை இடுப்பில் நூல் கட்டுகிற நூல்கெட்டுக்கு என்று, என் முதல் சம்பளத்தில் கனமான வெள்ளி அரைஞாண்கொடி ஒன்று வாங்கி ஊருக்கு வந்த ஒருவன் கையில் கொடுத்துவிட்டேன். நூல்கெட்டுக்கு முந்தின நாள் ஜன்னி கண்டு பிள்ளை போய்விட்டது. லீவு கிடைக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்தபோது அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் அரைஞாண் என்ன ஆச்சு என்று கேட்டேன். வெட்கம் கெட்டவன், அதைக் கேட்டேன். பதில் வரவில்லை என்றதும் நானே முடிவு கட்டிக்கொண்டேன், மாமியார் விற்றிருப்பாள் என்று. பிறகு ஒரு சண்டையில், "செத்த பிள்ளைக்க அரைஞாண வித்துத் தின்னவதான உங்க அம்மை" என்று மாமியார் காதில் விழவே சொன்னேன். மாமியார் சாகிறவரை அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை நான்.

உள்ளே திரும்பி வந்தேன்.

"அங்க ஒரு சத்தம் கேட்டுதே" என்றேன். "உன் காலடியில. வெள்ளிச் சத்தம்."

"கேக்கும்" என்றாள். "நீங்க குடுத்துவிட்டதுதான். அம்மைதான் இடுப்புல கெட்டிவிட்டா. 'அப்பன் மொகத்தத்தான் பாக்கல்ல, அப்பன் வாங்கினதப் போட்டுக்கிட்டுப் போவட்டும்'னு சொன்னா."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நான் அத்தயத் திட்டினப்ப நீ ஏன் சொல்லல்ல" என்று கேட்டேன்.

"சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும். எப்பிடிக் கெட்டினோம், யாரு தூக்கிட்டுப் போனா, எல்லாம். எனக்கு வாய் வரல்ல. அம்மையும் 'விடு, அவன் வெளிநாட்டுல கஷ்டப்படுகான், அவனுக்கிட்ட இதச் சொல்லாண்டாம்'னுட்டா."

மறுநாள் காலையில் கருவியை எடுக்கவில்லை. டப்பாவோடு போய், எடுத்த இடங்களை நினைவுபடுத்தி, நாலு தண்டையையும் தாயத்தையும் கையாலேயே ஆழமாகக் குழி பறித்து வைத்து மூடினேன். எது யாருடையது என்று தெரியாது. இடம் சரிதானா என்றும் தெரியாது. நடைக்கு வந்த ஒருவர் இன்றைக்கு மிஷின் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவள் புன்னையடியில் உட்கார்ந்திருந்தாள். நான் வருவதைப் பார்த்துப் பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டாள். உட்காரப் போனேன்.

"செருப்பு" என்றாள்.

கழற்றித் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.