பொத்தானுக்கு வைத்த பொட்டு

தாமரைச்செல்வி ஒரு கையில் திருப்புளியும் மறு கையில் ஈரத்துணியுமாக, படகுப் பட்டறையில் படகை இழுத்து இறக்கும் வின்சின் பொத்தான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிரவியில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். டிப்ளமோ படித்து, கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறாள். பட்டறையின் மின்வேலை முழுக்க அவள் பொறுப்பு.

அன்று காலை சிங்காரவேலுவின் படகைத் தண்டவாள வண்டியில் ஏற்றி, சரிவில் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார்கள். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் வண்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கக் குனிந்திருந்த சிங்காரவேலுவின் கால்மேல் ஏறப் பார்த்தது. பட்டறைக்காரர் தியாகராசன் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினார். மறுநாள் படகு கடலிறங்கியாக வேண்டும். பொத்தான் சரியாகாமல் யாரும் வின்சைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

உப்புக்காற்றுதான் காரணம் என்று சொல்லி முன்பே இரண்டு தடவை பொத்தான் மாற்றியவள் அவள். இப்போது பிரித்தால் உள்ளே உப்பே இல்லை. உப்பு உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் வெடிக்கவில்லை. அமுக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும் செம்பு முனைகள் பளிச்சென்று இருந்தன. லட்சக்கணக்கான தடவை அமுக்கினாலும் தாங்கும் சாமான். வெளியே திருப்பிப் பார்த்தாள். பொத்தானைச் சுற்றிய இடுக்கில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. முகர்ந்தாள். சந்தனம்.

படகு இறக்கும்போதெல்லாம் பூசை உண்டு. படகுக்கு வைக்கும் பொட்டை வின்சின் பொத்தான்களுக்கும் வைப்பார்கள். அன்று காலை வைத்தது சிங்காரவேலுவின் மனைவி கனகாம்பாள்.

"நான் வெச்ச பொட்டா இவரு கால நசுக்கப் பாத்துச்சு?"

"நீங்க மட்டுமாக்கா, எல்லாரும் வெச்சது. காஞ்சு கல்லாப் போச்சு. உள்ள ஸ்பிரிங்கு தள்ளுது, பொத்தான் மேல வர வழியில்ல."

"செவப்புக்குந்தான் வெச்சேன். அது நிப்பாட்டுச்சே?"

"அது ஸ்பிரிங்க நம்புறதில்லக்கா. நம்ம கை அமுக்குற வேகமே உள்ள கரண்ட அத்துடும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"பொட்ட என் நெத்தியில வெச்சிருந்தா இந்த வம்பே இல்ல," என்றார் சிங்காரவேலு.

திருப்புளியால் சுரண்டினால் ரப்பர் கிழியும். காய்ந்த புண்கட்டை நனைத்து எடுப்பதுபோல, ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுத் துடைத்தாள். ஒவ்வொரு பொத்தானும் விரலோடு எழும்பி வரும்வரை விடவில்லை. பொட்டு வைக்காதே என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகட்டைத் திருகி வைத்தாள்.

மறுநாள் காலை கனகாம்பாள் அந்தத் தகட்டில் பொட்டு வைத்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சக்கரத்தருகே யாரையும் விடாமல் தாமரைச்செல்வி பொத்தானை அமுக்கி, எடுத்தாள். வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகுதான் சிங்காரவேலுவைக் கூப்பிட்டுப் படகில் ஏறச் சொன்னாள்.