ஷாப்பு வாசலில் நின்ற நாய்

சும்மா இருக்கவே தெரியாதவன் நான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த சாமுவேலுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்துக் கண் போனதும், வழிகாட்ட ஒரு நாயைப் பழக்கிக் கொடுக்கலாம் என்று கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை கூலி வாங்கி வருகிறவர்களை வாசலிலேயே மடக்கித் துண்டை ஏந்தினேன். பட்டாளத்தில் நாய் பழக்கிய வேலூர்க்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார். "நாய்க்கு நீ தின்ன ஒண்ணும் குடுக்கக்கூடாது" என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

எனக்குப் பொறுக்குமா? ஞாயிறுதோறும் வேலூருக்கு பஸ் ஏறிப் போய், பச்சைத்தோலில் சுரண்டிய சதையை ஒளித்து ஊட்டினேன்.

நாய் ஆம்பூருக்கு வந்த முதல் நாள், சாமுவேல் அதன் பட்டையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டான். தோல் வாடை பட்டதும் அது அவனை இழுத்துக்கொண்டு எங்கள் ஷாப்பு வாசலில் வந்து நின்றது. கண் போன நாளிலிருந்து அவனை அந்தப் பக்கமே நாங்கள் விட்டதில்லை. வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னாலதான்டா. சதை குடுத்துக் கெடுத்துட்டேன். வா, வீட்டுக்குப் போய்டலாம்."

"இன்னாடா அவசரம்? இரு," என்றான். மூச்சை ஆழமாக இழுத்தான். "எல்லாரும் உள்ள கீறாங்களா? ஊரெல்லாம் கூட்டிட்டுப் போனியே, இங்க ஒரு நாளாவது கூட்டியாந்தியா?"

உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அவன் சிரித்தபடி அந்தக் குரலை நோக்கி நடந்தான்.

அவனுக்காக அத்தனை அலைந்த நான், எங்கே போகணும் என்று அவனை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.