தம்பி அனுப்பிய பயணிகள்

செங்கல் சூளைகளுக்காகத்தான் அந்த ஸ்டேஷனையே கட்டினார்கள். சூளைகள் மூடி, ஊருக்குள் பஸ்ஸும் வந்த பிறகு, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பாசஞ்சர் வண்டி மட்டும் நின்றது. ஒற்றை அறை, ஒரு பெஞ்ச், மழை வந்தால் டிக்கெட் ஜன்னல்வரை ஒழுகும் ஓடு. பத்தொன்பது வருஷம் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவரை எல்லோரும் பச்சைக்கொடி என்றே சொன்னார்கள். ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகும் கொடியை மடக்க மாட்டார்.

அடுத்த ஸ்டேஷனுக்கு அவருடைய தம்பி மாஸ்டர். வேலைக்கு மனு எழுதிக் கொடுத்ததே அண்ணன்தான். ஆனால் தம்பியின் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நின்றது. அங்கே சிமெண்டுக் கூரை போட்டார்கள், பிறகு மின்சாரக் கடிகாரம் மாட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பச்சைக்கொடிக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஏதாவது சாக்குச் சொல்லி சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்தக் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது என்று வீட்டில் மூன்று தடவை சொன்னார்.

"உங்க வாட்சைச் சரிபாத்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

ஆள் குறைந்த ஸ்டேஷன்களை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. ஒரு அதிகாரி வந்து ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணுவார், நாளுக்குச் சராசரி முப்பது பேராவது ஏற வேண்டும் என்றார்கள். முதல் நாள் பதினொரு பேர். மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். பச்சைக்கொடி சந்தோஷத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வரிசையைத் திரும்பத் திரும்ப எண்ணினார். இப்படியே வந்தால் ஸ்டேஷன் பிழைத்துக்கொள்ளும் என்று அதிகாரியும் சொன்னார்.

வரிசையில் தம்பி வீட்டுக்கு எதிரே கடை வைத்திருந்த தையல்காரர் நின்றார். இவ்வளவு தூரம் வந்து ஏன் ஏறுகிறீர்கள் என்று கேட்டார் பச்சைக்கொடி.

"உங்க தம்பிதான் வேன் வச்சு அனுப்பினாரு. இந்த வாரம் முழுக்க அண்ணன் ஸ்டேஷன்ல ஏறுங்கன்னு வீடு வீடா வந்து சொன்னாரு."

கூரையும் எக்ஸ்பிரஸும் போதாதென்று இப்போது ஆளையும் பிச்சை போடுகிறானா? நேரே அதிகாரியிடம் போனார்.

"இவங்க எங்க ஊர் ஆளுங்க இல்ல சார். கணக்குல சேக்காதீங்க."

மூன்று மாதத்தில் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது, தம்பிக்குக் கீழேயே, உதவி மாஸ்டராக. முதல் நாள் தம்பி எழுந்து தன் நாற்காலியைத் தந்தான். நின்றே பழக்கம் என்று சொல்லி, ஓய்வு பெறும்வரை ஆறு வருஷமும் அவர் அதில் உட்காரவில்லை.

ஒருநாள் தம்பி பொறுக்க முடியாமல் கேட்டான். "ஏண்ணே அன்னிக்கு அந்த அதிகாரிகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் கொடியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார்.

மனைவியிடம் மட்டும் ஒருமுறை மனம் விட்டுச் சொன்னார், தம்பி அனுப்பினான் என்று தெரியாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கே ரயில் நின்றிருக்கும் என்று.

"தெரிஞ்சும் பேசாம இருந்திருந்தாலும் நின்னிருக்கும்," என்றாள் அவள்.