குன்னூர் மலையில் ஓர் அல்லேலூயா கூட்டம்

குன்னூர் என்றதும் பூங்காவையும் மலை ரயிலையும் எதிர்பார்க்காதீர்கள். இந்த முறை நான் போனது குடும்பப் பஞ்சாயத்துக்கு. அண்ணன் மகள் ஷைனியின் கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, ஞாயிறு ஆராதனையில் முதல்முறை வாசிக்க வேண்டும். ஆனால் ரூபி அண்ணி சமீபத்தில் இரண்டு முறை ஆராதனை நடுவே எழுந்து, கைகளை உயர்த்தி, யாருக்கும் புரியாத பாஷையில் சத்தமாக ஜெபித்துவிட்டார். கல்யாணத்தன்று இப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தால்தான் ஓலை என்றது சபைக் கமிட்டி.

அண்ணன் போன் செய்தார். "நீ காலேஜ் படிச்சவ, சொன்னா கேப்பா. சனிக்கிழமையானா எஸ்டேட் ஜெபக்கூட்டத்துக்குப் போறா. அங்கதான் இது தொத்திக்கிச்சு. அதை நிறுத்தச் சொல்லு."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். குன்னூர் 34 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வழியில் பர்லியாரில் மங்குஸ்தான் அரை கிலோ 150 ரூபாய்க்கு வாங்கினேன். (பேரம் பேசியிருக்கலாம். எனக்கு அந்தத் திறமை கிடையாது.)

மதியம் அண்ணியோடு நானும் கூட்டத்துக்குக் கிளம்பினேன். பார்க்காமல் எப்படி நிறுத்தச் சொல்வது? ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 300 ரூபாய்.

"ஏனுங்கக்கா, அல்லேலூயா கூட்டத்துக்குங்களா?" என்றார் ஓட்டுநர். "என் சம்சாரமும் அங்கதானுங்க. எங்கிட்டப் போடற சத்தத்துல பாதியாச்சும் அங்க எறக்கி வெச்சுட்டு வரட்டும்னு நானே கொண்டுபோய் உடறனுங்க."

"பாதிதான் எறக்கறா தம்பி. மீதியைப் பத்திரமா உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தர்றா" என்றார் அண்ணி.

தேயிலைச் சரிவின் நடுவே தகரக் கூரை போட்ட ஒரே அறை. நாற்பது பெண்கள் இருக்கலாம், பாதிப் பேர் இலை பறித்துவிட்டு நேரே வந்தவர்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவராக அண்ணியிடம் வந்து மூக்குக்கண்ணாடி, போன், கொண்டை ஊசி என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணி அவற்றை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தார். யாருடைய கண்ணாடி எது என்று எப்படித் தெரியும் என்றேன். "மூக்கைப் பாத்தாத் தெரியாதா?" என்றார்.

மேளம் வேகமெடுத்தது. கைதட்டல் அழுகையானது, அழுகை நடுக்கமானது. ஒரு பெண் அந்நிய பாஷையில் கதறியபடி பின்னால் சாய்ந்தாள். அண்ணி அவள் அக்குளில் கைகொடுத்துத் தாங்கி, மெதுவாகப் படுக்கவைத்து, சேலையைச் சரிசெய்து, கால்மேல் ஒரு சால்வையைப் போர்த்தினார். பிறகு இன்னொருத்தி அருகே இருந்த பெஞ்சை நகர்த்தினார். எல்லோரையும் உலுக்கிய அந்த ஒன்றரை மணி நேரத்தில் அண்ணி ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை.

இது நிஜமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஒருத்தி ஒற்றைக் கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துவிட்டு ஆடியதையும் கவனித்தேன். ஆனால் விழுந்தவள் எழுந்து தண்ணீர் கேட்டபோது அவள் முகத்தில் இருந்த ஓய்வை நடித்துக் கொண்டுவர முடியாது.

திரும்பும்போது கேட்டேன். "அண்ணி, இங்க நீங்க வாயே திறக்கலையே?"

"இங்க எனக்கு வேலை இருக்குல்ல? எல்லாரும் கண்ணை மூடுனா யாராச்சும் ஒருத்தர் முழிச்சிருக்கோணும். ஊட்டுலயும் அப்பிடித்தான். ஞாயித்துக்கெழம பெரிய கோயில்லதான் எனக்கு ஒரு வேலையும் இல்ல. போய் உக்காந்தா, தானா வருது."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. "அப்ப கல்யாணத்தன்னைக்கும் ஏதாவது வேலை குடுத்துருவோம். பூ, பன்னீர், வர்றவங்களைக் கவனிக்கறது..."

அண்ணி சிரிக்கவில்லை. "என் மக கல்யாணத்துலயாவது நான் வேலையில்லாம நிக்கக் கூடாதா, கிரேஸ்?"

இரவுச் சாப்பாட்டின்போது இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துப்போய்க் கழுவினார்.

ஞாயிறு காலை தேவாலயப் படியில் கமிட்டிச் செயலாளர் அண்ணனை மறித்தார். "என்ன சார், வாக்கு வாங்கிட்டீங்களா?"

"அவ குடுக்கலீங்க. நான் குடுக்கறேன். அன்னைக்கு அவ எந்திரிச்சா நானும் பக்கத்துல எந்திரிச்சு நின்னுக்கறனுங்க. ஆயர் அவருபாட்டுக்குக் கல்யாணத்தை நடத்தட்டும்."

செயலாளர் சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனார். ஓலை வாசிக்கப்பட்டது. அன்று அண்ணி அசையவே இல்லை. ஷைனிதான் தேம்பித் தேம்பி அழுதாள்.

இப்படிப்பட்ட கூட்டங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முன்பே அனுமதி கேளுங்கள், பின்வரிசையில் உட்காருங்கள், வீடியோ எடுக்காதீர்கள். மலையில் பிளாஸ்டிக் பாட்டில் தடை, சோதனைச்சாவடியில் வாங்கிவிடுவார்கள். சொந்தக் காரில் வந்தால் இ-பாஸ் வேண்டும். ஒழுங்கு முக்கியம் என்பவர்களும் ஆவியை அடக்காதே என்பவர்களும் உங்களிடம் பைபிள் வசனம் காட்டுவார்கள். நான் இரு தரப்புக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கல்யாணம் அடுத்த மாதம். முன்வரிசையில் அண்ணிக்கு இருபுறமும் கை நீட்டும் அளவுக்கு இடம் விடப்போகிறோம்.